வெங்காயத்தைக் கேளுங்கள், சொல்லும்

அரசுகள் ஏற்றுமதிக் கொள்கையை மாற்றினால் பெரிய நிறுவனங்களுக்குத்தான் அடி என்று ஒரு கட்டுரையில் படித்தேன். மலேசியாவில், பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

2023 ஆகஸ்டில் இந்தியா வெங்காய ஏற்றுமதிக்கு 40% வரி போட்டது. சரி, விலையை ஏற்றிச் சமாளித்தோம். டிசம்பர் 8 அன்று ஏற்றுமதியையே நிறுத்திவிட்டார்கள். சீன வெங்காயம் வாங்கி வைத்தேன். பார்க்கப் பளபளவென்றுதான் இருந்தது. வழக்கமாக மூட்டை எடுக்கும் நாசி கண்டார் (சோறும் குழம்பும் விற்கும்) கடைக்காரர் மூன்றாம் நாளே வந்து நின்றார்: "அண்ணே, இது வதங்கவே மாட்டேங்குது, தண்ணிதான் விடுது. குழம்பு கெட்டியாவே வரல."

2024 மே 4ல் தடை நீங்கியது. ஆனால் அப்போது டன்னுக்குக் குறைந்தது 550 டாலர் ஏற்றுமதி விலை, அதோடு 40% வரி என்று வைத்திருந்தார்கள். இது செய்தித் தலைப்பில் வராதே! "தடைதான் போயிடுச்சே, இன்னும் ஏன் இந்த விலை?" என்று வாடிக்கையாளர்கள் கல்லாவில் நின்று என்னிடம் சண்டை போட்டார்கள்.

உள்ளூர் விலை ஏறினால் இந்தியா தன் மக்களைத்தான் முதலில் பார்க்கும், அதில் எனக்குக் குறையில்லை. ஒரு மாதம் முன்னதாகச் சொல்லியிருக்கலாம். இப்போதெல்லாம் பாகிஸ்தான் சரக்கும் பத்து மூட்டை கையிருப்பில் வைத்திருக்கிறேன்.