தெருவில் போகிறவர்

(டென்வருக்கு வெளியே ஒரு பள்ளிப் பேருந்துப் பணிமனை. 2024 டிசம்பர் 2, திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி.)

லிண்டா: சாவியை எங்கே வைக்கட்டும், ராய்? ஆணியில் மாட்டவா, அல்லது தெருவில் போகிற யாரிடமாவது கொடுத்துவிட்டுப் போகவா?

ராய்: காலையிலேயே எதற்கு இவ்வளவு கோபம்?

லிண்டா: நான் உள்ளே வரும்போது நீ தொலைபேசியில் சொல்லிக்கொண்டிருந்தாயே, "மாற்றாக ஓட்டுபவருக்கு ஒரு டாலர்கூடக் கொடுக்க மாட்டேன், முதல் ஆள் விழுந்தால் தெருவில் போகிற யாரையாவது பிடித்துக்கொள்ளலாம்" என்று. இன்று விடிவதற்கு முன்பே நாலரை மணிக்கு என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பி, காய்ச்சலில் கிடக்கும் பன்னிரண்டாம் தடத்து ஓட்டுநருக்குப் பதிலாக அனுப்பினாயே, அப்போது நான் எந்தத் தெருவில் போய்க்கொண்டிருந்தேன்?

ராய்: ஐயோ, அது உங்களைப் பற்றிய பேச்சே இல்லை. நான் "ஓட்டுபவர்" என்று சொல்லவில்லை, "ஓடுபவர்" என்றுதான் சொன்னேன். அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் கையில் ஏந்தி ஓடுகிறாரே, ரன்னிங் பேக், அவருக்கு மாற்றாக உட்கார்ந்திருப்பவரைப் பற்றி என் மைத்துனனோடு வாக்குவாதம்.

லிண்டா: ஒரு 'ட்' குறைந்ததால் எனக்கு மரியாதை கூடிவிடாது. மேலே சொல்.

ராய்: நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஃபேன்டசி லீக் ஆடுகிறோம். ஆகஸ்டில் ஏலம் நடக்கும். ஆளுக்கு 200 டாலர் கொடுப்பார்கள், அதற்குள் நமக்கு வேண்டிய வீரர்களை எடுத்துக்கொள்ள வேண்டும், அவர்கள் உண்மையான ஆட்டத்தில் ஓடும் தூரத்துக்கு நமக்குப் புள்ளிகள் வரும். நான் 72 டாலர் கொடுத்துச் சான் பிரான்சிஸ்கோ அணியின் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியை எடுத்தேன். அவருக்கு மாற்றாக இருந்த ஜோர்டன் மேசனை ஒரு டாலருக்கு எடுத்திருக்கலாம். வீண் செலவு என்று விட்டுவிட்டேன்.

லிண்டா: அந்த 200 டாலர் உண்மையான பணமா?

ராய்: இல்லை, கணக்குக்கு மட்டும்.

லிண்டா: இல்லாத பணத்திலிருந்துகூட மாற்று ஆளுக்கு ஒரு டாலர் எடுத்துக் கொடுக்க உனக்கு மனம் வரவில்லை.

ராய்: அதில் ஒரு தத்துவம் இருக்கிறது. முன்வரிசையில் நிற்கும் ஐந்து தடியர்கள் வழி திறந்துவிட்டால் யார் வேண்டுமானாலும் ஓடலாம். ஓடுபவரின் திறமை அதில் மிகச் சிறிய பங்கு. ஆகவே மாற்று ஆளுக்கென்று தனி மதிப்பு ஏதும் இல்லை.

லிண்டா: சாலை போட்டிருக்கிறார்கள், பேருந்து தானே போய்விடும் என்பது போல.

ராய்: நீங்கள் மறுபடியும் பேருந்துக்கே வருகிறீர்கள்.

லிண்டா: என்னை மறுபடியும் மறுபடியும் பேருந்துக்கு அனுப்புகிறவன் நீதான். இருக்கட்டும், அந்த ஒரு டாலர் மனிதர் என்ன ஆனார்?

ராய்: (சற்றுத் தயங்கி) செப்டம்பரில் முதல் ஆட்டத்திலேயே மெக்காஃப்ரி களத்தில் இறங்கவில்லை. மேசன் இறங்கி நியூயார்க் ஜெட்ஸ் அணிக்கு எதிராக 28 முறை பந்தை ஏந்தி 147 கெஜம் ஓடினார். மெக்காஃப்ரி தொடர்ந்து எட்டு ஆட்டங்கள் வெளியே உட்கார்ந்திருந்தார்.

லிண்டா: மேசனை யார் எடுத்திருந்தார்?

ராய்: என் மைத்துனன்.

லிண்டா: எவ்வளவுக்கு?

ராய்: ஒரு டாலருக்கு. ஆனால் கேளுங்கள், நேற்றிரவு பஃபலோவில் கொட்டும் பனியில் நடந்த ஆட்டத்தில் மெக்காஃப்ரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார், அதே இரவில் மேசனும் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். இப்போது எனக்கும் ஒன்றுமில்லை, என் மைத்துனனுக்கும் ஒன்றுமில்லை. மாற்று ஆளை வைத்திருந்தவனுக்கு என்ன மிச்சம்?

லிண்டா: நடுவில் போன இரண்டு மாதங்கள் மிச்சம்.

ராய்: அதைத்தான் அவனும் சொன்னான்.

லிண்டா: குடும்பத்தில் ஒருவருக்காவது அறிவு இருக்கிறது.

ராய்: இதற்கு எங்கள் ஆட்டத்தில் ஒரு பெயரே உண்டு. நம்முடைய பெரிய ஆட்டக்காரரின் மாற்று ஆளையும் சேர்த்து எடுத்து வைத்துக்கொள்வதைக் "கைவிலங்கு" என்பார்கள்.

லிண்டா: சரியான பெயர். குற்றம் ஒருவருடையது, விலங்கு இன்னொருவருக்கு. ஜூன் மாதம் மெக்காஃப்ரிக்கு இரண்டு ஆண்டு நீட்டிப்பாக 38 மில்லியன் டாலர் எழுதிக் கொடுத்தார்களே, மேசனுக்கு என்ன கிடைத்தது?

ராய்: இந்த ஆண்டுக்கு ஒரு மில்லியனுக்குச் சற்றுக் குறைவு. அதுவும் பெரிய தொகைதான்.

லிண்டா: பெரிய தொகைதான், நான் மறுக்கவில்லை. என்னுடைய மணிக்கூலியோடு ஒப்பிட்டால் அவரும் ஒரு மெக்காஃப்ரிதான்.

ராய்: நான் சொல்வது கணக்கு, லிண்டா. நம்முடைய டென்வர் அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1998-இல் டெரல் டேவிஸ் 2,008 கெஜம் ஓடினார். மறு ஆண்டு நான்காவது ஆட்டத்தில், எதிரணியினர் இடைமறித்துப் பிடித்த பந்தைத் துரத்தப்போய் முழங்காலில் காயம்பட்டு விழுந்தார். உடனே ஒலாண்டிஸ் கேரி என்ற புதியவர் வந்து 1,159 கெஜம் ஓடினார். அதற்கு அடுத்த ஆண்டு, நான்கு வருடம் கடற்படைக் காலாட்படையில் இருந்துவிட்டுப் படிக்கப் போன மைக் ஆண்டர்சன், அணிகள் சுற்றுச் சுற்றாகப் புதியவர்களை எடுக்கும் தேர்வில் ஆறாம் சுற்றில் எடுக்கப்பட்டவர், வந்து 1,487 கெஜம் ஓடினார். பயிற்சியாளர் மைக் ஷனஹான், முன்வரிசையைப் பழக்கியவர் அலெக்ஸ் கிப்ஸ். ஐந்து பேரும் ஒரே திசையில் நகர்வார்கள், ஓடுபவர் ஒரே ஒரு முறை திசை வெட்டி இடைவெளியில் நுழைந்தால் போதும். இன்று சான் பிரான்சிஸ்கோவை நடத்துகிற கைல் ஷனஹான் அவருடைய மகன். அப்பாவின் வித்தைதான் அங்கேயும். யாரை நிறுத்தினாலும் ஆயிரம் கெஜம்! இதைவிட என்ன சான்று வேண்டும்?

லிண்டா: எதற்குச் சான்று?

ராய்: மாற்று ஆளுக்கு மதிப்பில்லை என்பதற்கு.

லிண்டா: முதல் ஆள் போனார், இரண்டாம் ஆள் ஓடினார். இரண்டாம் ஆள் போனார், மூன்றாம் ஆள் இன்னும் அதிகமாக ஓடினார். இதிலிருந்து மதிப்பில்லாதவர் மாற்று ஆள் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் போட்டாய்? எனக்கென்னவோ 72 டாலர் கொடுத்தவன்தான் ஏமாந்தவனாகத் தெரிகிறான்.

ராய்: (நீண்ட மௌனத்துக்குப் பின்) அந்த 1999-இல் நமக்கு ஆறு வெற்றி, பத்துத் தோல்வி. பெரிய ஆட்டக்காரர் இல்லாததன் விலை அது.

லிண்டா: அதே ஆண்டு, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்திய நம் குவாட்டர்பேக் ஜான் எல்வே ஓய்வு பெற்றதை மட்டும் வசதியாக மறந்துவிட்டாய். சரி, டெரல் டேவிஸ் எங்கிருந்து வந்தார்?

ராய்: அவர்... 1995-இல், ஆறாம் சுற்றில், 196-ஆவது ஆளாக.

லிண்டா: டோக்கியோவில் நடந்த முன்பருவ ஆட்டத்தில் அவர் வரிசையில் கடைசியில் நின்றார். உதைத்த பந்தைத் துரத்தும் அணியில் ஓடி, எதிரில் வந்தவரை இடித்துச் சாய்த்த பிறகுதான் ஷனஹான் அவரைத் திரும்பிப் பார்த்தார் என்பது இந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். மாற்று ஆள் என்பவர் சும்மா உட்கார்ந்திருப்பவர் அல்ல, ராய். பந்து உதைக்கும்போது ஓட வேண்டும். குவாட்டர்பேக்கை இடிக்கப் பாய்ந்து வருகிறவர் எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்று கணித்துக் குறுக்கே நிற்க வேண்டும். ஒத்திகையில் மிகக் குறைந்த வாய்ப்பே கிடைத்தாலும் முதல் ஆளுக்குத் தெரிந்த அத்தனையும் தெரிந்திருக்க வேண்டும். பன்னிரண்டாம் தடத்தில் இன்று காலை என்ன நடந்தது தெரியுமா? எட்டாம் வகுப்புப் பையன்கள் நான்கு பேர், "எங்கள் வழக்கமான ஓட்டுநர் இங்கே இடப்பக்கம் திரும்புவார்" என்று சத்தியம் செய்தார்கள். இடப்பக்கம் திரும்பியிருந்தால் டோனட் கடை வந்திருக்கும்.

ராய்: நீங்கள் திரும்பினீர்களா?

லிண்டா: எனக்கு எல்லாத் தடங்களும் தெரியும். முதல் ஆளுக்கு ஒரு தடம் தெரிந்தால் போதும். மாற்று ஆளுக்குப் பதினேழும் தெரிய வேண்டும்.

ராய்: அப்படியே வைத்துக்கொண்டாலும், தேவைப்படும்போது தெருவில்...

லிண்டா: அந்தத் தெருவின் பெயர் என்ன? நானும் அங்கே ஒரு வீடு பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

ராய்: கேலி செய்யாதீர்கள். 2018 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் டாட் கர்லி முழங்கால் வலியால் உட்கார்ந்துவிட்டார். அந்தக் கோடையில்தான் அவருக்கு 45 மில்லியன் டாலர் உத்தரவாதத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அப்போது எந்த அணியிலும் இல்லாமல் இருந்த சி. ஜே. ஆண்டர்சனைக் கூப்பிட்டார்கள், அவர் முதல் ஆட்டத்தில் 167, அடுத்ததில் 132, பிறகு நாக்அவுட் சுற்றில் டல்லாஸுக்கு எதிராக 123 கெஜம் ஓடினார். தெருவில் போனவர்!

லிண்டா: தெருவில் போனவரா? ஐம்பதாவது சூப்பர் பவுல் இறுதிப்போட்டியில் நமக்காக 90 கெஜம் ஓடி, பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டி ஒரு டச் டவுனும் போட்டவர். 2017-இல் நமக்காகவே ஆயிரம் கெஜத்தைத் தாண்டியவர். மறு வசந்தத்தில் வேண்டாம் என்று வெளியே அனுப்பியவர்களும் நாம்தான். அவர் தெருவில் போகிறவர் அல்ல, ராய், தெருவில் விடப்பட்டவர்.

(ராய் சொல்வதை நான் பல வாய்களில் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களில் ஒருவர்கூட மாற்று ஆளாக வேலை பார்த்தவர் இல்லை.)

ராய்: இவையெல்லாம் ஓரிரு விதிவிலக்குகள்.

லிண்டா: நீ பிறந்தது எந்த வருடம்?

ராய்: 1988, மார்ச். ஏன்?

லிண்டா: இரண்டு மாதம் முன்னால் பிறந்திருந்தால் இந்தத் தத்துவம் உனக்கு வந்திருக்காது. அந்த ஆண்டு ஜனவரி 31, சான் டியாகோ, இருபத்திரண்டாவது சூப்பர் பவுல். முதல் கால்பகுதி முடியும்போது டென்வர் பத்து, வாஷிங்டன் பூஜ்யம். என் கணவர் எழுந்து நின்று அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் பியர் வாங்கித் தருவதாகச் சத்தம் போட்டார். வாஷிங்டனுக்காக ஜார்ஜ் ரோஜர்ஸுக்குப் பதிலாகத் திம்மி ஸ்மித் என்று ஒரு பையன் ஆட்டத்தைத் தொடங்கினான். அந்தப் பருவம் முழுவதும் சேர்த்தே 126 கெஜம்தான் ஓடியிருந்தான். "யார் இவன், தெருவில் போகிறவனா?" என்று என் கணவர் கேட்டார். உன் வாயிலிருந்து அந்தச் சொல் வரும்போதெல்லாம் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது.

ராய்: தெரியும். 204 கெஜம்.

லிண்டா: 204 கெஜம், இரண்டு டச் டவுன். இரண்டாம் கால்பகுதியில் மட்டும் நம் மீது 35 புள்ளிகள். ஆட்டம் முடியும்போது 42-க்கு 10. சூப்பர் பவுலில் அவ்வளவு தூரம் ஓடியவர் அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. டேவிஸும் எட்டவில்லை, உன் 72 டாலரும் எட்டவில்லை.

ராய்: ஆனால் அதற்குப் பிறகு ஸ்மித் ஒன்றுமே செய்யவில்லை. வாழ்நாள் முழுவதும் வழக்கமான பருவ ஆட்டங்களில் 602 கெஜம்தான்!

லிண்டா: மாற்று ஆளை அழைத்தது ஒரு நாளைக்கு. அந்த ஒரு நாளைக்கு வந்தான், வேலையை முடித்தான், போனான். பியருக்கு ஆன செலவு எங்களுடையது.

ராய்: (கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கைப்பேசியை எடுத்து மறைவாக ஏதோ தட்டச்சு செய்கிறார்.)

லிண்டா: என்ன செய்கிறாய்?

ராய்: ஒன்றுமில்லை. சான் பிரான்சிஸ்கோவில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், ஐசக் கெரெண்டோ. புதியவர், நான்காம் சுற்று, விஸ்கான்சினில் இருந்து லூயிவில்லுக்கு மாறிப் படித்தவர், நாற்பது கெஜத்தை 4.33 நொடியில் ஓடுகிறவர். என்னிடம் இன்னும் 31 டாலர் மிச்சம் இருக்கிறது. மைத்துனன் முந்திக்கொள்வதற்கு முன்...

லிண்டா: எவ்வளவு போடுகிறாய்?

ராய்: முப்பத்தொன்றையும்.

லிண்டா: ஆகஸ்டில் ஒரு டாலர் அதிகம் என்றவனா நீ? சரி, நாளைக்குக் கெரெண்டோவும் விழுந்தால்?

ராய்: அப்போது தெரு...

லிண்டா: சொல், சொல். அந்த முக்கில் திரும்பினால் டோனட் கடை வரும்.

ராய்: நான் வாயைத் திறக்கவில்லை.

லிண்டா: வாயைத் திறக்காதே, கண்ணைத் திற. உனக்குப் பின்னால் இருக்கிற பணிப்பட்டியல் பலகையைப் பார். பன்னிரண்டாம் தடம், காலை: "மாற்று-2". பன்னிரண்டாம் தடம், மாலை: "மாற்று-2". போன வாரம் நான்காம் தடம், ஒன்பதாம் தடம், பதினைந்தாம் தடம், எல்லாம் "மாற்று-2". நீ ஒருமுறைகூடப் பார்த்திராத பையன் எந்தக் கல்லூரியிலிருந்து எந்தக் கல்லூரிக்கு மாறினான் என்பது உனக்குத் தெரிகிறது. ஆறு வருடமாக இந்தக் கதவு வழியாக வருகிறவளுக்கு இந்தப் பலகையில் ஓர் எண்தான் இருக்கிறது.

ராய்: (எழுந்து, பலகையில் இருந்த "மாற்று-2"-ஐத் துணியால் துடைத்து, பேனாவை எடுத்து, "லிண்டா" என்று எழுதிவிட்டு நிற்கிறார்.) உங்கள் குடும்பப் பெயர்...

லிண்டா: தெரியாதா?

ராய்: தெரியும். எழுத்துக்கூட்டுத்தான் கொஞ்சம் சந்தேகம்.

லிண்டா: அப்படியானால் ஏலத்தில் கேள். தொடக்க விலை ஒரு டாலர்.