கைதட்டலையும் சேர்த்துத்தான் மெட்டுப் போடுகிறார்கள்

2024 நவம்பரில் ஜோயல் கிரே நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். அப்போது அவருக்கு வயது 92. 1966இல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் 'கபரே' என்ற இசை நாடகம் முதன்முதலாக மேடையேறியபோது எம்சி, அதாவது இரவு விடுதியில் நிகழ்ச்சியை நடத்துகிறவர், வேடம் கட்டியவர் அவர்தான். அந்த நாடகத்தின் ஆகக் கொடூரமான வரிக்கு இப்போது ஆட்கள் சிரிக்கிறார்கள், அதுவும் கூச்சமில்லாமல் சிரிக்கிறார்கள் என்பதுதான் அவருடைய வருத்தம். அந்த நேரத்தில் நியூயார்க்கில் அதே வேடத்தில் நடித்துக்கொண்டிருந்த ஆடம் லாம்பர்ட், அப்படிச் சிரித்த ஒருவரிடம் மேடையிலிருந்தே 'இது காமெடி இல்லை, கவனியுங்கள்' என்கிற மாதிரி சொன்னதாகத் தெரிவித்திருந்தார்.

இதைப் படித்ததும் 'இந்தக் காலத்து ஆடியன்ஸுக்கு விவஸ்தையே இல்லை' என்று ஒரு கூட்டம் தீர்ப்பு எழுதிவிட்டது. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

முதலில் அந்த இடத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நாஜிகள் தலையெடுக்கும் காலத்து பெர்லின், ஒரு இரவு விடுதி. எம்சி ஒரு கொரில்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு வருகிறார். கொரில்லா பெண் உடுப்பில் இருக்கிறது. ஊர் எங்கள் காதலை ஏற்க மறுக்கிறது, என் கண்ணால் அவளைப் பார்த்தால் உங்களுக்குப் புரியும் என்று உருகிப் பாடுகிறார். இருவரும் ஆடுகிறார்கள். மெட்டு தேன். ஒவ்வொரு கண்ணியின் கடைசியிலும் ஒரு குட்டி நகைச்சுவை வந்து விழுகிறது, சபை சிரிக்கிறது. மூன்று நிமிடம் இப்படியே பழக்கிவிட்டு, அதே இடத்தில், அதே தாளத்தில், ஜோக் விழவேண்டிய கடைசிச் சொல்லில் எம்சி சொல்வது: என் கண்ணால் பார்த்தால் அவள் யூதப் பெண்ணாகவே தெரியமாட்டாள்.

சிரிப்பு காதில் தொடங்குகிறது, அர்த்தம் அரை நொடி பின்னால் வருகிறது. இசையமைப்பாளர் ஜான் கேண்டரும் பாடலாசிரியர் ஃப்ரெட் எப்பும் விரித்த வலை அது. இருவருமே யூதர்கள். சிரிக்க வைத்து, அந்தச் சிரிப்பைத் தொண்டையிலேயே அடைக்க வைப்பதுதான் திட்டம். ஆகவே சிரித்தவன் தப்புச் செய்யவில்லை, வலையில் விழுந்தான். அரை நொடி கழித்தும் அந்தச் சிரிப்பு அடைபடவில்லை என்றால்தான் விவகாரம். கிரே பயந்ததும் அதைப் பார்த்துத்தான்.

1966இல் இதற்கு நேர்மாறான கலாட்டா. பாஸ்டனில் நடந்த முன்னோட்டக் காட்சிகளிலேயே யூதப் பார்வையாளர்களிடமிருந்து எதிர்ப்பு. இயக்குநர் ஹெரால்ட் பிரின்ஸ் அசைந்துகொடுத்தார். கடைசி வரியில் 'யூத' போய், அழகில்லாதவள் என்று பொருள்படும் 'மீஸ்கைட்' என்ற சொல் வந்தது. ஐரோப்பிய யூதர்களின் மொழியான யித்திஷ் சொல் அது. கிரே சில இரவுகளில் அந்த மாற்றத்தை 'மறந்துபோய்' பழைய வரியையே சொல்வாராம். 1972 திரைப்படத்தில் மூல வரி திரும்ப வந்தது, பின்னால் வந்த மறுதயாரிப்புகளிலும் அதுதான். அன்றைக்குச் சபை மூச்சை இழுத்துப் பிடித்தது, இன்றைக்குச் சிரிக்கிறது. சொல் அதே சொல். நடுவில் மாறியது சபை.

சரி, சபை எப்போது கைதட்டும், எப்போது தட்டாது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? ரசிகர்களின் மனசு என்று நினைத்தால் ஏமாற்றம்தான். மியூசிக்கல் எனப்படும் இசை நாடகத் தொழிலில் 'பட்டன்' என்று ஒரு சொல் உண்டு. பாட்டின் கடைசியில் வாத்தியக்குழு 'டட்' என்று வெட்டி அடிக்கும் அந்த ஒற்றை அடி. அதே கணத்தில் விளக்கு ஒரு படி எகிறும். நடிகர் கையை உயர்த்தியோ மோவாயைத் தூக்கியோ சிலையாக நிற்பார். மூன்றும் ஒன்றாக விழுந்தால் சாகக் கிடப்பவன்கூடக் கைதட்டிவிடுவான். அதற்குப் பிறகு வேலை வாத்தியக்குழுவை நடத்தும் கண்டக்டருக்கு. கைதட்டல் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும்போதே அடுத்த இசையை எடுத்துவிட வேண்டும். முழுக்க அடங்கட்டும் என்று காத்திருந்தால் காட்சி சொதசொதத்துவிடும். அவசரப்பட்டால் அடுத்த வசனத்தின் முதல் வரி யார் காதிலும் விழாது. எவ்வளவு நேரம் தட்டுவார்கள் என்று தெரியாத இடங்களில் இரண்டோ நான்கோ ஆவர்த்தனத்தைச் சுற்றிச் சுற்றி வாசிக்கச் சொல்லி நோட்டிலேயே எழுதிவிடுவார்கள். அதற்குப் பெயர் 'வேம்ப்'.

கைதட்டல் வேண்டாம் என்றால் எல்லாவற்றையும் தலைகீழாக்க வேண்டும். கடைசிச் சுரத்தை முடிக்காமல் தொங்கவிட வேண்டும், விளக்கு மெல்ல இறங்க வேண்டும், இசை நிற்காமல் அடியில் ஓட, அதன்மேலேயே அடுத்தவர் பேசத் தொடங்க வேண்டும். அப்படியும் பால்கனியில் ஒருத்தர் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, கூட யாரும் சேராததால் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிப்பார். பாவம், அவரைத் திட்டாதீர்கள்.

இதில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வழக்கு 1959இல் வந்த 'ஜிப்ஸி'. மகள்களை நட்சத்திரமாக்கத் தன்னையே எரித்துக்கொண்ட அம்மா ரோஸ், கடைசியில் ஆளில்லாத மேடையில் தனியாக நின்று வெடிக்கும் பாட்டு 'ரோஸஸ் டர்ன்'. புத்தி பேதலிக்கும் ஒருத்திக்குக் கைதட்டு விழுவது அசிங்கம் என்று பாடலாசிரியர் ஸ்டீஃபன் சொண்ட்ஹைம் நினைத்தார். ஆகவே பட்டன் கிடையாது, வயலின்களின் கீச்சொலியில் பாட்டு தேய்ந்து மறையும். முன்னோட்டத்தைப் பார்த்த அவருடைய குரு ஆஸ்கர் ஹேமர்ஸ்டைன், பாட்டுக்கு ஒரு முடிவு கொடு என்றார். பாடுவது நட்சத்திர நடிகை எத்தல் மெர்மன். அவருக்குக் கைதட்ட வேண்டும் என்ற தவிப்பிலேயே சபை உட்கார்ந்திருக்கிறது, அதனால் அடுத்து வரும் தாய்–மகள் காட்சியைக் கேட்கவே இல்லை, நாடகமே அந்தக் காட்சிக்காகத்தானே என்பது அவர் வாதம். சொண்ட்ஹைம் அரை மனதோடு முடிவைச் சேர்த்தார். சபை தட்டித் தீர்த்தது, பிறகு அடங்கிக் கேட்டது.

கைதட்டலைத் தடுத்தால் அது காணாமல் போவதில்லை, உள்ளே தேங்கி அடுத்த காட்சியைக் கெடுக்கிறது. நம்மூர் ஸ்பெஷல் நாடகத்துக்காரர்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். செத்து விழுந்த பாத்திரம் 'ஒன்ஸ்மோர்' சத்தத்துக்கு எழுந்து இன்னொரு முறை பாடிவிட்டுத் திரும்பச் செத்த கதையைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள்.

இனி ரசிகர் பட்டாளம். பாட்டு ஆல்பத்தை நூறு தடவை கேட்டுவிட்டு வருகிறவர்களால்தான் தியேட்டர் கெட்டது என்று ஒரு புலம்பல் இருக்கிறது. 'ஹேட்ஸ்டவுன்' அதற்குப் பதில் சொல்லிவிட்டது. 2019இல் பிராட்வேக்கு வந்த நாடகம், ஆர்ஃபியஸின் கிரேக்கப் புராணக் கதை. செத்துப்போன காதலி யூரிடிஸியைப் பாதாளத்திலிருந்து மீட்டு வருகிறான், வழியில் திரும்பிப் பார்த்தால் அவளை இழந்துவிடுவான். இது சோகக் கதை, பழைய கதை என்று கதைசொல்லியான ஹெர்மிஸ் முதல் பாட்டிலேயே சொல்லிவிடுகிறார். ஆர்ஃபியஸ் திரும்பிப் பார்ப்பான், யூரிடிஸி போய்விடுவாள் என்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். அப்படியும் அவன் திரும்புகிற நொடியில் அரங்கு 'ஹா' என்று மூச்சை இழுக்கிறது. மேடை நடுவில் இருக்கும் லிஃப்ட் அவளை மெதுவாகக் கீழே இறக்குகிறது. முன்கூட்டியே தெரிந்திருப்பது அந்த மூச்சைத் தடுக்கவில்லை.

கெடுப்பது வேறு. இருண்ட காட்சியின் நடுவே பாடகி ஒரு சங்கதி போட்டதும் 'வூ' என்று கத்துவது. அந்தச் சத்தம் பாத்திரத்துக்கு இல்லை, நடிகைக்கு. அந்த ஒரு நொடியில் மேடையில் இருந்த பெண் காணாமல் போய், டிக்கெட்டில் பெயர் போட்ட நட்சத்திரம் மட்டும் நிற்கிறார். இதன் முற்றிய வடிவம் 2023 ஏப்ரலில் மான்செஸ்டர் பேலஸ் தியேட்டரில் நடந்தது. சினிமாவிலிருந்து மேடைக்கு வந்த 'தி பாடிகார்ட்' முடியச் சில நிமிடங்களே இருக்கையில், கூடவே பாடியவர்களை அடக்க முடியாமல் காட்சியை நிறுத்தினார்கள், போலீஸ் வந்து அவர்களை அப்புறப்படுத்தியது. சினிமாப் பாட்டைக் கொண்டுவந்து, இரவு முழுக்கப் பார் திறந்துவைத்து, கொண்டாட்டம் என்று விளம்பரமும் செய்தால் எவன் வாயை மூடிக்கொண்டு உட்காருவான்? சேர்ந்து பாட ஆசைப்படுகிறவர்களுக்கு என்று தனிக் காட்சி வைக்கலாம். சில நாடகங்கள் கடைசி வணக்கத்தோடு ஒரு பாட்டை அதற்கென்றே ஒதுக்குகின்றன. அந்த ஏற்பாடு வேலை செய்கிறது.

மறுபடி 'ஜிப்ஸி'. 1974 பிராட்வே மறுதயாரிப்பில் ரோஸ் வேடம் ஆஞ்செலா லான்ஸ்பரிக்கு. கதை எழுதிய ஆர்தர் லாரன்ட்ஸே இயக்கினார். 'ரோஸஸ் டர்ன்' பட்டனோடு முடிகிறது, சபை வழக்கம்போல எழுந்து தட்டுகிறது, லான்ஸ்பரி குனிந்து வணங்குகிறார். நட்சத்திரம் நன்றி சொல்கிறார் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். தட்டல் குறைகிறது. அவர் வணங்குகிறார். தட்டல் நிற்கிறது. நிசப்தத்தில், ஆளில்லாத திசையைப் பார்த்து, ரோஸ் இன்னும் குனிந்து வணங்கிக்கொண்டே இருக்கிறாள்.