தனிப் பாடம் போதாது

பொறியியல் படிப்பில் நிலைத்தன்மையை, அதாவது வளங்களை வீணாக்காமல், சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் வடிவமைப்பதை, இறுதியாண்டில் ஒரு விருப்பப் பாடமாக வைத்தால் போதும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. எனக்கு இதில் உடன்பாடில்லை. அதற்குள் மாணவர் மூன்று வருடம் வேறு மாதிரி கணக்குப் போட்டுப் பழகிவிடுகிறார்.

குழாய் வடிவமைப்பையே எடுத்துக்கொள்வோம். நீரோட்டத்துக்கு ஏற்ற பம்பின் திறனைக் கண்டுபிடித்ததும் கணக்கு முடிந்தது, முழு மதிப்பெண். ஆனால் அதே ஓட்டத்துக்குக் குழாயின் விட்டத்தை இரு மடங்காக்கினால் உராய்வு இழப்பு (குழாயில் உரசுவதால் நீர் இழக்கும் ஆற்றல்) ஏறக்குறைய 32-இல் ஒரு பங்காகிவிடும். பெரிய குழாய்க்குக் கூடுதல் இரும்பு. சிறிய குழாய்க்கோ பம்பு ஓடும் காலமெல்லாம் கூடுதல் மின்சாரம். எது மேல்? இதை அதே கணக்கின் அடுத்த வரியாகக் கேட்கலாமே! புதுப் பாடப்புத்தகம்கூட வேண்டாம்.

கான்கிரீட்டும் அப்படித்தான். சிமென்ட் தயாரிப்பில் வெளியேறும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளால் வருவதில்லை, சூளையில் சுண்ணாம்புக்கல் சிதைவதால் வருகிறது. எரிபொருளை மாற்றினால் மட்டும் அது நிற்காது. உத்தரத்தைத் தேவைக்கு மேல் பருமனாக்காமல் இருப்பதும், சிமென்டில் ஒரு பகுதிக்குப் பதிலாக நிலக்கரிச் சாம்பலையோ இரும்பாலைக் கசடையோ கலப்பதும் வடிவமைப்பவர் கையில்தான் இருக்கிறது.

அப்புறம், முதலில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். அதைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை.