கால் எரிவுக்குத் தருவது ‘விசர்க் குளிசை’யா?

மட்டக்களப்பு, கல்முனைப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது: “கிளினிக்கில் கால் எரிவுக்கு அமிட்ரிப்டிலின் தந்தால் குடிக்காதீங்க, அது விசருக்குக் குடுக்கிற குளிசை, அடிமையாக்கிப்போடும்.” இதில் கொஞ்சம் உண்மை கலந்திருக்கிறது, அதனால்தான் நம்புகிறார்கள்.

அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கென்று வந்த மருந்துதான். ஆனால் மூளையிலிருந்து முள்ளந்தண்டு வழியே இறங்கி வலியை அடக்கும் பாதைக்கும் அது வலுச் சேர்க்கிறது. நீரிழிவால் வரும் கால் எரிவு, அக்கி மாறிய பிறகும் நீடிக்கும் வலி போன்றவற்றுக்குப் பனடோல் பெரிதாக உதவாது. அமிட்ரிப்டிலின் பலருக்கு உதவும், எல்லோருக்கும் அல்ல. வலிக்கு இரவில் 10 மில்லிகிராமில் தொடங்குவது வழக்கம்; மனச்சோர்வுக்குரிய அளவு இதைவிடப் பல மடங்கு. பலன் தெரியச் சில கிழமைகள் எடுக்கும். இரண்டு நாளில் ‘சரிவரல்ல’ என்று வீசிவிட வேண்டாம்.

போதைப்பொருள்போல இது அடிமையாக்காது. ஆனாலும் நீண்ட நாள் எடுத்தவர் திடீரென்று நிறுத்தக் கூடாது. வாய் உலரும், தூக்கம் அசத்தும், மலச்சிக்கலும் வரலாம். இதய நோய், கண் அழுத்தம், சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள் வைத்தியரிடம் முதலே சொல்ல வேண்டும்.

குரல்பதிவின் கடைசியில் ‘பக்கவிளைவே இல்லாத’ மூலிகைத் தூள் விற்பனை வருகிறது (அதற்குத்தானே இவ்வளவும்!). இப்படிப் பெயர் விபரம் இல்லாத தூள்களில் ஸ்டீரொய்ட் கலந்திருந்தது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. நீரிழிவுக்காரருக்கு அது சீனியை ஏற்றிவிடும்.