முகப்பை வெட்டாதீர்கள்

சிம்மக்கல்லில் இருக்கும் எங்கள் டிடிபி கடைக்குப் போன வாரம் ஒரு தம்பி வந்தான். பழந்தமிழ் நூல்களைக் கைப்பேசியில் வாசிக்க ஆப் ஒன்று செய்கிறான். நல்ல காரியம். பக்கம் பக்கமாகக் காப்பி எடுத்து ஒட்டி மாளாது என்று ஒரு ஸ்க்ரேப்பிங் சேவையில் பணம் கட்டியிருந்தான். இணைய முகவரிகளைப் பட்டியலாகக் கொடுத்தால் போதும். அதுவே ஒவ்வொரு பக்கமாகத் திறந்து, மெனு, விளம்பரம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு, எழுத்தை மட்டும் கோப்பாகத் தந்துவிடும். பக்கத்துக்கு இத்தனை கிரெடிட் என்று கணக்கு. ஒரே இரவில் நூற்றுச் சொச்சம் நூல்கள் இறங்கியிருந்தன. "அக்கா, எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் குடுங்க" என்றான்.

முதல் கோப்பைத் திறந்தேன். மதுரைத் திட்டத்தின் மின்னூல். பாட்டு இருந்தது, பாட்டு எண் இருந்தது. முகப்பைக் காணோம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பழந்தமிழ் நூல்களைத் தட்டெழுதி இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. பெயர்தான் மதுரை; வேலை செய்தவர்கள் உலகம் முழுக்க இருந்த தமிழர்கள். சம்பளம் கிடையாது. ஆபீஸ் விட்டு வந்து ராத்திரியில் உட்கார்ந்து தட்டியவர்கள் எத்தனையோ பேர். யார் தட்டெழுதினார், யார் மெய்ப்புப் பார்த்தார் என்பது நூலின் தலையிலேயே இருக்கும். கூடவே ஒரே ஒரு நிபந்தனை: இந்த முகப்பை அப்படியே வைத்திருந்தால் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பரப்பலாம். அவ்வளவுதான் கேட்டார்கள். அந்தச் சேவையோ முகப்பையும் விளம்பரத்தோடு சேர்த்துக் குப்பை என்று கழித்துவிட்டது.

எனக்கு ஏன் இது இவ்வளவு வலிக்கிறது என்றால், மெய்ப்புப் பார்ப்பது என்ன வேலை என்று பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். பள்ளியில் எனக்குத் தமிழ் நடத்திய ஐயா, ஓய்வு பெற்ற பிறகு, இணையத்தில் ஏற்ற ஒரு நூலுக்கு மெய்ப்புப் பார்த்தார். செல்லூரில் அவர் வீட்டுக்குப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போவேன். ஸ்கேலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக நகர்த்துவார். பழைய எழுத்துருக்களில் துணைக்காலும் ரகரமும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். தட்டியவர் ஒன்றுக்கு இன்னொன்றைத் தட்டியிருப்பார். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் தேடினால் அந்தச் சொல் கிடைக்காது. ஐயா அந்த இடத்தையெல்லாம் சிவப்பு மையில் சுழிப்பார். நாலு மாதம் ஆனது. அதற்கு அவருக்குக் கிடைத்தது முகப்பில் ஒரு வரி.

ஸ்க்ரேப்பிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. திருமங்கலம் பக்கம் மல்லிகை போட்டிருக்கும் எங்கள் மாமா, மாட்டுத்தாவணியில் இன்று கிலோ என்ன விலை என்று தெரியாமல் பூவை ஏற்றிவிடுவதில்லை. முகூர்த்த நாளில் விலை எங்கேயோ போய் நிற்கும். ஒரு பையன் நாலைந்து தளங்களில் இருந்து காலையில் ஒரே ஒரு தடவை விலையை எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறான். விலை என்பது செய்தி, யாருடைய படைப்பும் இல்லை. பல மண்டி விலைகளை மத்திய அரசின் திறந்த தரவுத் தளமே ஏபிஐயாக, அதாவது நம் ஆப் நேரடியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளும் வழியாக, தருகிறது. வாசல் திறந்திருக்கும்போது சுவர் ஏறிக் குதிக்க வேண்டியதில்லை.

"சங்கப் பாட்டுக்கு ஏதுக்கா காப்பிரைட்?" என்று தம்பி கேட்டான். பாட்டுக்கு இல்லைதான். ஆனால் 2007 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், நீதிமன்றத் தீர்ப்புகளின் மூல வாசகம் பொதுச்சொத்து, அதைப் பத்தி பிரித்து எண் கொடுத்த பதிப்பாளரின் உழைப்புக்கு உரிமை உண்டு என்று சொன்னது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43-ம் உரியவர் அனுமதி இல்லாமல் தரவை எடுப்பதற்கு இழப்பீடு கேட்க வழி வைத்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள். ஊர் ஊராக ஏடு தேடி அலைந்த உ.வே.சா. தம் பதிப்புகளின் முன்னுரையில் ஏடு கொடுத்தவர்களை ஊர்ப் பெயரோடு எழுதி வைத்தார். அந்தப் பாட்டுக்கும் காப்பிரைட் கிடையாதுதான். இருந்தாலும் எழுதினார்.

இன்னொன்று, வேகம். தமிழ்த் தளங்கள் பலவும் சின்ன சர்வரில், யாரோ ஒருவர் கைக்காசில் ஓடுபவை. நொடிக்கு இருபது பக்கம் கேட்டால் படுத்துவிடும். ரோபோட்ஸ் கோப்பு என்று ஒன்று 1994-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. 2022-ல் முறையான தரநிலையாகவும் ஆனது. எதை எடுக்கலாம், எதைத் தொட வேண்டாம் என்று தள உரிமையாளர் அதில் எழுதி வைத்திருப்பார். அது பூட்டு இல்லை, வேண்டுகோள். மீறினால் யாரும் தடுக்கப்போவதில்லை. அதனாலேயே அதை மதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, தம்பி புரிந்துகொண்டான். சேவையின் அமைப்பில் 'முக்கிய உள்ளடக்கம் மட்டும்' என்று இருந்த டிக்கை எடுத்துவிட்டு, பக்கத்துக்குப் பத்து நொடி இடைவெளி வைத்து மறுபடி ஓட்டினோம். கிரெடிட் இரண்டு மடங்கு செலவானது. முகம் சுளிக்காமல் கட்டினான். இப்போது அவன் ஆப்பில் எந்த நூலைத் தொட்டாலும் முதலில் முகப்புதான் வரும்.

பதினான்கு நூல்கள் மட்டும் பாக்கி. அவை வேறொரு தளத்தில் இருந்து எடுத்தவை. அந்தத் தளமே எங்கிருந்தோ அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறது, முகப்பு இல்லாமல். யார் தட்டியது, யார் திருத்தியது என்று எதுவும் இல்லை. பட்டியலை முதல் கமெண்டில் போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது, உங்கள் ஆசிரியர் யாராவது, இதில் ஏதாவது ஒரு நூலுக்கு வேலை பார்த்திருந்தால் பெயரைச் சொல்லுங்கள். சேர்த்துவிடுகிறோம்.