ரெட்டு போட்டா ஃபாலோ போடணும்: இன்ஃபினிட்டி காசில் அடுத்த பாகத்துல யாரு உயிரு போகும்?

மொதல்ல ஒரு எச்சரிக்கை. பேய் வேட்டைக் கதை சொல்ற ஜப்பான் அனிமே டீமன் ஸ்லேயரோட இன்ஃபினிட்டி காசில் முதல் படம் வரைக்கும் பார்க்காதவங்க இதோட நிறுத்திக்கங்க. அதுவரைக்கும் செத்தவங்க பேரெல்லாம் கீழ வரும். அதுக்கப்புறம் மங்காவுல, அதாவது மூலக்கதையான காமிக்ஸ்ல, மட்டும் இருக்கிற சாவு ஒண்ணுகூட வராது, தைரியமா படிக்கலாம்.

2025 செப்டம்பர் 12-ம் தேதி தமிழ் டப்பிங்கோட இங்க ரிலீஸ் ஆனாலும் ஆச்சு, பெரம்பூர் டீக்கடையில இருந்து வியாசர்பாடி ஃபுட்பால் கிரவுண்டு வரைக்கும் நாலு பசங்க சேர்ந்தா இதே பஞ்சாயத்துதான். அடுத்த படத்துல யாரு காலி? பாதிப் பேரு யூட்யூப் தம்ப்நெயிலைப் பார்த்துட்டு அடிச்சு விடுறான். மீதிப் பேரு மங்காவை முழுசா படிச்சு முடிச்சுட்டு, ஒண்ணுமே தெரியாத மாதிரி "எனக்கென்னமோ தோணுதுடா மச்சி"ன்னு ஆரம்பிக்கிறான். முதல் ஆளால தொந்தரவு கிடையாது. இந்த ரெண்டாவது ஆளுதான் பேஜாரு.

ஏன்னா கதை முடிஞ்சு வருஷக்கணக்கு ஆச்சு. 2016 பிப்ரவரியில ஆரம்பிச்சு 2020 மே மாசம் 205-வது அத்தியாயத்தோட முற்றும் போட்டுட்டாங்க. யாரு செத்தா, யாரு பொழைச்சாங்கறது அச்சுல இருக்கு. அதைப் படிச்சுட்டு வந்து ஊகம்னு சொல்றது, ரிசல்ட் வந்தப்புறம் லாட்டரி நம்பர் சொல்ற கதை. படம் மட்டும் பார்க்கிறவன் படத்துல இருக்கிற அடையாளத்தை வச்சுக் கண்டுபிடிக்கட்டும். படிச்சவனுக்கு மண்டையைப் போட்டு உடைச்சுக்க வேற கணக்கு ஒண்ணு இருக்கு. அதுக்கு அப்புறம் வர்றேன்.

படம் மட்டும் பார்க்கிறவங்களுக்கு: இந்தக் கதையில சாவைக் கண்டுபிடிக்க கேரம் தெரிஞ்சா போதும். காசிமா 2024-ல கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் அடிச்சுட்டு வந்த ஏரியா இது, இங்க ரெட்டு-ஃபாலோவை விளக்கணுமா என்ன? ரெட்டைக் குழியில போட்டா மட்டும் அது உன்னுது ஆகிடாது. கையோட உன் காயின் ஒண்ணையும் போடணும். போடலன்னா ரெட்டைத் திரும்ப நடுவுல வச்சிடுவான். இந்தக் கதையில உயிர் போற அளவுக்கு விழுற அடிதான் ரெட்டு. ஏற்கெனவே செத்துப்போன சொந்தம் ஒண்ணு எதிர்ல வந்து நிக்கிறது ஃபாலோ. ரெண்டும் விழுந்தாதான் ஆளு அவுட்டு.

பார்த்ததை வச்சே சரிபார்க்கலாம். முன்னாடி வந்த முகென் ட்ரெயின் படத்துல பேய் வேட்டைப் படை வீரன் ரெங்கோகு வயித்துக்குள்ள அகாசாங்கற பேயோட கை பூந்தது ரெட்டு. கடைசியில அம்மா வந்து நிக்கிறா, "நான் ஒழுங்கா செஞ்சேனாம்மா"ன்னு கேட்கிறான், அவ சிரிக்கிறா. ஃபாலோ விழுந்துடுச்சு. படை வீராங்கனை ஷினோபுக்கு அக்கா கனாயே வந்தா. அகாசாவுக்கு அப்பா வந்தாரு, குரு வந்தாரு, காதலி கோயுகி வந்தா.

இப்ப இன்னொரு படை வீரன் டெங்கெனை எடுங்க. இடது கை போச்சு, இடது கண்ணு போச்சு, உடம்பு பூரா விஷம். மூணு பொண்டாட்டியையும் பக்கத்துல வச்சுக்கிட்டு கடைசி வார்த்தை பேசவே ஆரம்பிச்சுட்டான். அந்தக் கட்டத்துல கண்ணு கலங்குனவங்க நிறைய பேரு. ஆனா கவனிச்சுப் பாருங்க, சுத்தி நிக்கிறவங்க அத்தனை பேரும் உயிரோட இருக்கிறவங்க. செத்தவங்க யாரும் வரல. ரெட்டு நடுவுக்குத் திரும்பிடுச்சு, பேயா மாறியும் மனுஷங்க பக்கம் நிக்கிற நெசுகோ வந்து விஷத்தை எரிச்சுட்டா, ஆளு ரிட்டயர்மென்ட்டோட தப்பிச்சான்.

"அப்ப ஜெனிட்சு?"ன்னு கேட்பீங்க. நியாயமான கேள்வி, அந்தப் பையனுக்கு வாள் கத்துக்கொடுத்த தாத்தா வந்தாரே. அந்தக் காட்சியை இன்னொரு தடவை நிதானமா பாருங்க. தாத்தா நிக்கிறது அந்தக் கரையில, ஜெனிட்சு இந்தக் கரையில, நடுவுல ஆறு ஓடுது. இவன் கத்துறான், ஓடப் பார்க்கிறான், ஆனா தாண்ட முடியல. அவரு கண்ணுல தண்ணியோட "நீ என் பெருமைடா"ன்னு சொல்றாரு, அவ்வளவுதான். ஃபாலோ காயின் குழி ஓரத்துல வந்து நின்னுடுச்சு, உள்ள விழல. தொடுற தூரத்துல வந்தா சாவு, நடுவுல இடைவெளி இருந்தா உயிரு. அடுத்த படத்துல யாராவது அப்படி மயங்கி விழுந்தா முகத்தைப் பார்க்காதீங்க, ரெண்டு பேருக்கும் நடுவுல என்ன இருக்குன்னு பாருங்க.

விதிவிலக்கு ஒண்ணு, கைகாகு. ஜெனிட்சு கூடவே அதே தாத்தாகிட்ட கத்துக்கிட்டு பேயா மாறினவன். அவன் கழுத்து போறப்ப கூப்பிட்டுப் போக ஒரு ஆளு வரல. சோறு போட்டு வளர்த்தவர் வயித்தைக் கிழிச்சுக்கிட்டு சாகக் காரணமா இருந்தவனுக்கு யாரு வருவா? ஃபாலோ இல்லாமலேயே அவுட்டானான், அதுவே அவனுக்குத் தண்டனை.

ஃபிளாஷ்பேக் வந்தாலே சாவுன்னு சிலர் சொல்றான். அது தப்பு. படை வீரங்க முய்ச்சிரோவுக்கும் மிட்சுரிக்கும் கத்தி செய்யற கிராமத்துச் சண்டையிலேயே பழைய கதை வந்துச்சு, ரெண்டு பேரும் எழுந்து நின்னு ஜெயிச்சாங்க. நடுச் சண்டையில வர்ற ஃபிளாஷ்பேக் பவர் ஏத்தறதுக்கு. சண்டை முடிஞ்சு மூச்சு வாங்குறப்ப வர்றதுக்குத்தான் பயப்படணும்.

அடுத்து அந்த மச்சம், அதாவது பலம் ஏறுறப்ப வீரங்க உடம்புல தோணுற குறி. இதயத் துடிப்பு 200-க்கு மேல, உடம்புச் சூடு 39 டிகிரிக்கு மேல போனா வரும், வந்தவங்க 25 வயசு தாண்ட மாட்டாங்க. இதை ஹஷிரா பயிற்சி சீசன்லயே சொல்லிட்டாங்க (ஹஷிரான்னா படையோட உச்ச வீரங்க). "ஹஷிரா கியுவுக்கு மச்சம் வந்துடுச்சு, அடுத்த படத்துல காலி"ன்னு எழுதுறவங்க கணக்குல வீக். கியுவுக்கு 21 வயசு. இது கந்து வட்டிக் கடன் மாதிரி, இன்னிக்கு வாங்குனவன் கழுத்துல நாளைக்கே துண்டு போட மாட்டான், தவணை இருக்கு. வயசைப் பார்த்து நிஜமாவே யோசிக்க வேண்டிய ஆளு ஹஷிரா ஹிமேஜிமா ஒருத்தருதான். அவருக்கு 27, கெடு ஏற்கெனவே தாண்டியாச்சு. அதனால செத்துடுவாருன்னு நான் சொல்லல. மத்தவங்களுக்குப் போடற கணக்கு அவருக்குப் பொருந்தாது, அதைத்தான் சொல்றேன்.

மூணாவது அடையாளம், தீராத பாக்கி. சனேமி-ஜென்யா அண்ணன் தம்பி விஷயம். பேயா மாறின அம்மாவைக் கொன்ன அண்ணனைப் பார்த்து "கொலைகாரா"ன்னு கத்திட்டான் தம்பி. அந்த ஒரு வார்த்தைக்கு மன்னிப்புக் கேட்கத்தான் பேய் கறி தின்னுகூட படையில ஒட்டிக்கிட்டு இருக்கான். அண்ணன்காரனோ கண்ணைப் பிடுங்க வர்றான், முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறான். இந்தப் பாக்கி இருக்கிற வரைக்கும் ரெண்டு பேரையும் கதை சாக விடாது. அந்தப் பேச்சு எப்ப நடக்குதோ அப்பதான் பாப்கார்னைக் கீழ வச்சுட்டு நிமிர்ந்து உக்காரணும்.

பிரபலத்தை வச்சு ஊகிக்கிறதைத் தயவுசெஞ்சு விட்டுடுங்க. "ரசிகருங்க ஒத்துக்க மாட்டாங்க, அதனால கொல்ல மாட்டாங்க"ங்கறது நம்ம ஹீரோ படத்துக்கு வேணா பொருந்தும். ரெங்கோகுவை 66-வது அத்தியாயத்துக்குள்ளயே முடிச்சுட்டு, அந்தச் சாவை வச்சு எடுத்த படம் ஜப்பான் வசூல்ல முதலிடத்துக்குப் போச்சு. டிரெய்லர்ல ரத்தத்தோட கிடக்கிறதும் ஆதாரமே கிடையாது. இந்தக் கதையில ரத்தம் இல்லாம கிடக்கிறவன் தூங்குறவன் மட்டும்தான்.

இப்ப மங்கா படிச்சவங்க பக்கம் வாங்க. உங்களுக்கான கணக்கு நிமிஷக் கணக்கு. போடறது சுலபம். ஒரு பாகம் எந்த அத்தியாயத்துல ஆரம்பிச்சு எதுல முடிஞ்சதுன்னு எடுத்துக்கணும், ஓடுற நேரத்தை அதால வகுக்கணும்.

முகென் ட்ரெயின் 54-ல இருந்து 66 வரைக்கும், 13 அத்தியாயம், 117 நிமிஷம். அத்தியாயத்துக்கு 9 நிமிஷம். இன்ஃபினிட்டி காசில் முதல் படம் 140-ல இருந்து 156 வரைக்கும், 17 அத்தியாயம், 155 நிமிஷம். மறுபடியும் 9 சொச்சம். அஞ்சு வருஷ இடைவெளியில வந்த ரெண்டு படமும் ஒரே வேகத்துல ஓடுது பாருங்க. டிவியில ஒரு எபிசோடுக்கு ரெண்டுல இருந்து ரெண்டே முக்கால் அத்தியாயம் வரைக்கும் போகும், பாட்டைக் கழிச்சா அதுவும் கிட்டத்தட்ட இதே வேகம். ஹஷிரா பயிற்சி மட்டும் எபிசோடுக்கு ஒன்றரைதான், ஏன்னா ஸ்டுடியோ சொந்தமா நிறைய சேர்த்துச்சு. முதல் எபிசோடுல சனேமியும் இன்னொரு ஹஷிரா ஒபனாயும் ஒரு கோட்டைக்குள்ள பூந்து அடிக்கிற சண்டை மங்காவுல கிடையவே கிடையாது.

மிச்சம் இருக்கிறது 157-ல இருந்து 205 வரைக்கும், 49 அத்தியாயம். ஒன்பதால பெருக்குனா 441 நிமிஷம். மொத்தம் மூணு படம், மிச்சம் ரெண்டு. ஆளுக்குப் பாதி போட்டா ஒரு படம் 3 மணி 40 நிமிஷம் வருது. இங்கதான் இடிக்குது.

ரெண்டாவது படமும் முதல் படத்தோட நீளத்துக்கே ஓடுனா 173-ல வந்து நிக்கும், அது நடுச் சண்டை. இதுவரைக்கும் வந்த இந்த ரெண்டு படத்தையும் அப்படிப் பாதி அடியில வெட்டல. சண்டை முடிஞ்சு, அழுது, மூச்சு விட்ட பிறகுதான் திரை விழுந்துச்சு. அப்படி மூச்சு விடுற இடம் 179. 157-ல இருந்து அதுவரைக்கும் 23 அத்தியாயம், 207 நிமிஷம், மூணரை மணி நேரத்துக்கு மூணு நிமிஷம் கம்மி. முன்னாடியே, 163-ல, நிறுத்தலாமேன்னா ஏழே அத்தியாயம், ஒரு மணி நேரம் மூணு நிமிஷம்தான்.

என் கணிப்பு 179-லதான் நிறுத்துவாங்க, ஆனா மூணு மணி நேரத்துக்குள்ள சுருக்குவாங்க. எதைச் சுருக்குவாங்கங்கறதுதான் சண்டை போட வேண்டிய கேள்வி. ஒன்பது நிமிஷம்ங்கறது சராசரி மட்டும்தான். வசனம் நிறைஞ்ச பக்கம் திரையில சட்டுன்னு போயிடும். வாளு சுத்துற ஒரே ஒரு படத்தை ஸ்டுடியோ அரை நிமிஷம் இழுக்கும். சண்டையில கை வைக்க மாட்டாங்க, அவங்க பிழைப்பே அதுலதான். அப்ப அடி விழப் போறது யாருக்கோ ஒருத்தரோட பழைய கதைக்குத்தான். அகாசாவோட பழைய கதை சுமாரா மூணு அத்தியாயம், கிட்டத்தட்ட அரை மணி நேரம் ஓட விட்டாங்க. கிளைமாக்ஸ் நடுவுல அது இழுவைன்னு புலம்புன அதே பசங்கதான், அடுத்த படத்துல வேற ஒருத்தன் கதையை வெட்டினா முதல் ஆளா பொங்குவாங்க. எனக்கு அந்த அரை மணி நேரம் சரியாத்தான் பட்டுது. அதை எடுத்துட்டா கோயுகி வந்து கையைப் பிடிக்கிறதுக்கு அர்த்தமே இல்லாம போயிருக்கும், ஃபாலோ சும்மா விழுந்த மாதிரி ஆகியிருக்கும்.

கமென்ட்டுல ஒரே ஒரு வேண்டுகோள். யாருக்கு என்ன ஆச்சுன்னு பேரைப் போட்டுடாதீங்க. மங்கா படிச்சவங்க அத்தியாய நம்பரை மட்டும் போட்டு சண்டை போடுங்க, மத்தவங்களுக்கு அது வெறும் நம்பர்தான்.

கடைசியா, முராட்டாவுக்கு என்ன ஆகும்னு கேட்டு இன்பாக்ஸ்ல ஏகப்பட்ட பேரு. படையில சாதா வீரனா இருக்கிற அந்தப் பளபள முடிக்காரனேதான். மச்சம் கிடையாது, பாக்கி கிடையாது, கூப்பிட வர்றதுக்குச் செத்துப்போன அக்காவோ குருவோ யாரையும் இதுவரைக்கும் காட்டினதும் கிடையாது. தண்ணி மூச்சுங்கற வாள் வித்தையைப் போட்டா அந்தத் தண்ணி பக்கத்துல நிக்கிறவன் கண்ணுக்குக்கூடத் தெரியாது. நட்டகுமோ மலையில கூட வந்தவனெல்லாம் போய்ச் சேர்ந்தப்ப டிரெஸ் மட்டும் கரைஞ்சு எழுந்து வந்தவன் அவன். மேல சொன்ன எந்தக் கணக்குலயும் மாட்டாத ஒரே காயின் அவன்தான்.