டாஸ்மாக் கடைக்கு எதிரான மனு ஏன் தோற்கிறது? 50 மீட்டர், 100 மீட்டர் கணக்கு

திங்கட்கிழமை காலையில் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் என எந்தக் கலெக்டர் ஆபீசுக்குப் போனாலும், குறைதீர் கூட்ட வரிசையில் டாஸ்மாக் கடையை எடுக்கச் சொல்லி ஒரு மனுவாவது வந்து நிற்கும். நாலு பக்கம் கையெழுத்து இருக்கும். சாயங்காலம் பனியன் கம்பெனி விட்டு வரும் பெண்கள் படும் பாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடக்கும் வழி, வார சம்பளம் சனிக்கிழமை ராத்திரியே கரைந்து போவது, எல்லாம் உள்ளது உள்ளபடி எழுதியிருக்கும். கொஞ்ச நாள் கழித்து ஒரே வரியில் பதில் வரும்: "விதிகளுக்கு உட்பட்டே கடை இயங்கி வருகிறது."

அந்த ஒரு வரியை உடைக்க வேண்டுமென்றால், அது எந்த விதியைச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டுதான் மனுவே எழுத வேண்டும். நம்ம பக்கத்து மனுக்கள் பெரும்பாலும் கஷ்டத்தைச் சொல்கின்றன, விதியைத் தொடுவதில்லை. கஷ்டத்தைப் படித்து அதிகாரி வருத்தப்படலாம். ஆனால் கோப்பில் அவர் எழுத வேண்டியது தூரம், தேதி, பதிவு எண். அதை நாம் கொடுக்கவில்லை என்றால் அவர்களே ஒரு தூரத்தை எழுதிக்கொள்வார்கள்.

தாய்ச்சட்டம் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம். இந்தியாவிலேயே முன்னோடியாக அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் 1937 அக்டோபர் 1-ஆம் தேதி அது நடைமுறைக்கு வந்தது. நாமக்கல், திருச்செங்கோடு எல்லாம் அப்போது சேலம் மாவட்டம்தான். இன்றைக்கும் மது விற்பது அந்தச் சட்டத்தின் கீழ்தான். விற்பதற்கு அனுமதி தரும் விதிகளை அதற்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 2003 நவம்பரில் சில்லறை விற்பனையை டாஸ்மாக் கையில் எடுத்தபோது வந்ததுதான் தமிழ்நாடு மதுபான சில்லறை விற்பனை (கடைகள் மற்றும் பார்கள்) விதிகள், 2003. கடை எங்கே இருக்கக் கூடாது என்பது அதில் 8-ஆவது விதி. மனுவின் தலைப்பிலேயே இந்த விதியைக் குறிப்பிடுங்கள்.

விதி சொல்வது இதுதான். மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் 50 மீட்டருக்குள் கடை கூடாது. மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள் கூடாது. பேரூராட்சியும் கிராம ஊராட்சியும் "மற்ற இடங்களில்" வரும். முதல் தவறு இங்கேயே நடக்கிறது. பேரூராட்சியில் இருக்கிற ஊர்க்காரர்கள் "டவுன் தானே" என்று நினைத்து 50 மீட்டர் என்று எழுதிவிடுகிறார்கள். கிடைக்க வேண்டிய 100 மீட்டரை நாமே பாதியாக்கிக் கொடுத்த மாதிரி.

இதன் மறுபக்கம் எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. ஒரு பேரூராட்சியை மாநகராட்சியோடு சேர்த்த மறுநாளே, அங்கே புதிதாக வரும் கடைக்கு 100 மீட்டர் 50 ஆகிவிடுகிறது. 2011-இல் கோவை மாநகராட்சி விரிந்தபோது துடியலூர், சரவணம்பட்டி, காளப்பட்டி எல்லாம் உள்ளே வந்தன. பள்ளிக்கூடமும் கோயிலும் நகரவில்லை. பாதுகாப்பு மட்டும் பாதியானது. வார்டு எல்லையைத் திருத்தும்போது வீட்டு வரியைப் பற்றி மட்டும் பேசுகிறோம், இதையும் பேச வேண்டும்.

அடுத்தது அளப்பது. கூகுள் மேப்பில் நேர்கோடு போட்டு "72 மீட்டர்" என்று ஸ்க்ரீன்ஷாட் ஒட்டிய மனுக்கள் நிறைய உண்டு. அது நிற்காது. ஆள் நடந்து போகும் வழியில், வாசலிலிருந்து வாசலுக்குத்தான் அளப்பார்கள். ஒரு தோட்டத்துக்கு அந்தப்புறமும் இந்தப்புறமும் கடையும் பள்ளியும் இருந்தால் நேர்கோட்டில் 70 மீட்டர், ரோட்டைச் சுற்றினால் 160 மீட்டர். அதிகாரிகள் தார் ரோட்டில் டேப் பிடித்து 160 என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆனால் நடுவில் ஒரு இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் மண்பாதை) இருந்து, பிள்ளைகள் தினமும் அந்தத் தடத்தில்தான் பள்ளிக்கு நடக்கிறார்கள் என்றால், அதுவும் நடக்கும் வழிதான். அது பட்டா நிலத்தின் ஒற்றையடித் தடமா, வருவாய்க் கணக்கில் வண்டிப்பாதையாகப் பதிவானதா என்பதைக் கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தில் (நில அளவை வரைபடத்தில்) பார்த்து, அந்த நகலை மனுவோடு இணையுங்கள். புலப்படத்தில் பாதை என்று இருந்தால் அதை ஒதுக்குவது சுலபமில்லை.

பள்ளிக்கு இரண்டு கேட் இருந்தால் கடைக்குக் கிட்டத்தில் இருக்கும் கேட்டைப் பிடியுங்கள். பூட்டியே வைத்திருக்கும் பின்கேட்டைக் காட்டினால் "பயன்பாட்டில் இல்லை" என்று தள்ளிவிடுவார்கள். அதனால் அந்தக் கேட் வழியாகத் தினமும் பிள்ளைகள் போய்வருகிறார்கள் என்று தலைமையாசிரியரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்வது அவசியம். அளக்கும்போது ஊர்க்காரர் ரெண்டு பேர் கூட இருந்து, எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளிக்கு என்று வரைபடத்தில் எழுதச் சொல்ல வேண்டும். "சுமார் 120 மீட்டர்" என்று வந்தால் "சுமார்" என்பதற்கு அங்கேயே ஆட்சேபம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

கொங்கு நாட்டில் ஒவ்வொரு ஊரிலும் கருப்பராயன், மாகாளியம்மன், கன்னிமார், குலதெய்வக் கோயில் என்று எத்தனை இருக்கின்றன! கும்பிடுகிறவர்களுக்கு எல்லாமே கோயில்தான். ஆனால் தூரம் என்று வந்தால் எதிர்த்தரப்பு முதலில் கேட்பது, இந்தக் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் பதிவில் இருக்கிறதா என்பது. பங்காளிகள் மட்டும் சேர்ந்து கவனிக்கும் கோயில் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இருக்காது. அதனால் ஊரிலிருக்கும் நாலு கோயிலில் பதிவில் உள்ளது எது என்று உதவி ஆணையர் அலுவலகத்தில் கேட்டு, அதிலிருந்து அளந்து எழுதுங்கள். நூறு வருஷமாகப் பொங்கல் வைக்கும் இடத்தைக் கோயில் என்று நிரூபிக்க ஒரு பதிவு எண் வேண்டியிருப்பது சரியல்ல. ஊராட்சிப் பதிவேட்டில் இருந்தாலோ, கோயில் பெயரில் மின் இணைப்பு இருந்தாலோ போதும் என்று விதியைத் திருத்தலாம். திருத்தும் வரை, இருக்கிற விதியை வைத்துத்தான் வாதாட முடியும்.

பள்ளிக்கும் இதே கதைதான். அங்கீகாரம் உள்ள பள்ளியா என்று பார்ப்பார்கள். தனியார் நர்சரிப் பள்ளி என்றால் அங்கீகார ஆணை நடப்பில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தரும் அடையாள எண்ணான, 33-இல் தொடங்கும் 11 இலக்க யூடைஸ் எண்ணையும் மனுவில் போடுங்கள். டியூஷன் சென்டரை வைத்துக்கொண்டு தூரம் பேசாதீர்கள், மனுவின் மற்ற பகுதியும் பலவீனப்படும்.

இன்னொன்று, கடை வந்த பிறகு வந்த கோயிலும் பள்ளியும் கணக்கில் வராது. கடைக்கு எதிரே அவசரமாகப் பிள்ளையார் சிலை வைப்பது நம்ம பக்கம் அடிக்கடி நடக்கிறது. அதனால் சட்டப்படி ஒரு பலனும் இல்லை, பொது இடத்தை ஆக்கிரமித்ததாகப் பேச்சு நம் மேல் திரும்பும். ஆனால் கடை பழைய இடத்தை விட்டுப் புதுக் கட்டடத்துக்கு மாறினால், அந்தத் தேதியில் இருக்கிற கோயில், பள்ளி எல்லாம் கணக்கில் வரும் என்று வாதிடலாம். அதனால் இப்போதைய கட்டடத்தில் கடை எந்தத் தேதியில் தொடங்கியது என்பதுதான் பல மனுக்களில் உயிர்நாடி. அந்தத் தேதியைக் கேட்காமலே மனு எழுதுகிறார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை 8-ஆவது விதிக்குள்ளேயே இருக்கிறது. நகர் ஊரமைப்புத் துறை "வணிகப் பகுதி" அல்லது "தொழிற்பகுதி" என்று வகைப்படுத்திய இடத்தில் இந்தத் தூரக் கட்டுப்பாடே பொருந்தாது. திருப்பூரை நினைத்துப் பாருங்கள். ஒரே வீதியில் நிட்டிங், டையிங், பிரிண்டிங், நடுவில் பள்ளிக்கூடம், அதை ஒட்டி வீடுகள். மாஸ்டர் பிளான் அந்த வீதிக்குத் தொழிற்பகுதி என்று நிறம் பூசியிருந்தால் 50 மீட்டரும் இல்லை, 5 மீட்டரும் இல்லை. பல்லடம், கணபதி, பள்ளிபாளையம் என்று தொழிலும் குடியிருப்பும் கலந்த எல்லா ஊருக்கும் இந்தச் சிக்கல் வரும். தொழிற்பகுதியில் கோயிலுக்கு விலக்கு கொடுப்பதைப் பற்றியாவது ரெண்டு விதமாகப் பேசலாம். பள்ளிக்கூடத்துக்கு எந்த நியாயமும் கிடையாது. இந்த விலக்கிலிருந்து கல்வி நிலையத்தை நீக்க வேண்டும் என்று எம்.எல்.ஏ.விடம் கேளுங்கள், அது ஒரு வரித் திருத்தம். இப்போதைக்குச் செய்யக்கூடியது, கடை இருக்கும் புல எண்ணுக்கு நிலப் பயன்பாட்டு வகை என்ன என்று நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் எழுத்தில் வாங்குவது. "அது தொழிற்பகுதிங்க" என்று வாயில் சொல்வதை நம்பாதீர்கள். குடியிருப்பு என்று இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஹைவே பற்றி நிறையப் பேர் இன்னும் "500 மீட்டருக்குள் கடையே கூடாது, சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது" என்று எழுதுகிறார்கள். 2016 டிசம்பர் 15-இல் வந்த தீர்ப்பு அது. தேசிய, மாநில நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டர் என்றது. 2017 மார்ச் 31-இல், 20,000 பேர் வரை மக்கள்தொகை உள்ள உள்ளாட்சிப் பகுதிகளுக்கு 220 மீட்டர் என்று குறைத்தார்கள். ரோட்டோரக் கடைகளை எடுத்து ஊருக்குள் வைக்கப் போய்த்தான் அந்த ஏப்ரலில் திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்து போலீஸிடம் அடி வாங்கினார்கள். அதே வருஷம் ஜூலையில் நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்றும், 2018 பிப்ரவரியில் ஊராட்சிப் பகுதிகளிலும் நிலைமையைப் பார்த்து மாநில அரசே முடிவு செய்யலாம் என்றும் சொல்லிவிட்டார்கள். ஆகையால் நெடுஞ்சாலை வாதத்தை மட்டும் நம்பி மனு போடாதீர்கள். கூடுதல் காரணமாக எழுதலாம், அதுவும் கடை ஊராட்சி எல்லையில் இருந்தால்.

மருத்துவமனை, பஸ் ஸ்டாண்ட், கம்பெனி வாசல் ஆகியவற்றுக்கு 8-ஆவது விதி துணைக்கு வராது. அங்கே கடைக்கு வெளியே நடக்கும் தொல்லையைப் பிடிக்க வேண்டும்: ரோட்டில் குடிப்பது, பாட்டிலை உடைத்து வீசுவது, வழியை மறித்து வண்டி நிறுத்துவது. பொதுத்தொல்லை என்று புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவில் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். தேதி, நேரத்தோடு பத்து நாள் போட்டோ இருந்தால்தான் இதற்குப் பலம்.

பாரும், திருட்டுத்தனமாக மது விற்கும் சந்துக்கடையும் தனி விஷயம். கடையை ஒட்டிய பாருக்கு டெண்டர் விடுவது தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும்தான். மது விற்க பார்க்காரருக்கு உரிமையே இல்லை. கடை திறந்திருப்பது பகல் 12 முதல் இரவு 10 வரை. காலையில் 7 மணிக்குப் பாரில் குவாட்டர் (180 மி.லி. பாட்டில்) கிடைத்தால் அது சட்டவிரோத விற்பனை, போலீஸ் மதுவிலக்குப் பிரிவு வழக்குப் போட வேண்டிய குற்றம். ஒரு ஆள் 4.5 லிட்டர் வரை கையில் வைத்திருக்கலாம், அதாவது 25 குவாட்டர். சந்துக்கடைக்காரர் பிடிபட்டால் இந்தக் கணக்கைத்தான் சொல்லுவார். வைத்திருப்பதற்குத்தான் அந்த அளவு, விற்பதற்கு ஒரு பாட்டிலுக்குக்கூட அனுமதி இல்லை. 21 வயது ஆகாதவருக்குக் கடையிலேயே விற்கக் கூடாது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மது கொடுத்தாலோ, பாட்டில் தூக்கவோ விற்கவோ பயன்படுத்தினாலோ சிறார் நீதிச் சட்டம் 77, 78 பிரிவுகளில் 7 வருஷம் வரை சிறை. இது நடப்பது தெரிந்தால் முதலில் இதைத்தான் புகார் செய்ய வேண்டும், தூரக் கணக்கெல்லாம் அப்புறம்.

"மனமகிழ் மன்றம்" என்று போர்டு தொங்கினால் அது டாஸ்மாக் கடை இல்லை. எஃப்.எல். 2 உரிமம், 1981-ஆம் வருஷத்து விதிகளில் வருவது. அதற்கு 2003 விதியைக் காட்டி மனு கொடுத்தால் முதல் மேசையிலேயே திரும்பி வரும். அது உறுப்பினர்களுக்கான கிளப். ரோட்டில் போகிற யாரும் உள்ளே போய்ப் பணம் கொடுத்துக் குடிக்க முடிகிறது என்றால் மீறல் அங்கேதான். உறுப்பினர் பட்டியல், வருகைப் பதிவேடு இரண்டையும் ஆய்வு செய்யச் சொல்லி உதவி ஆணையருக்கு (கலால்) எழுதுங்கள்.

கிராம சபைத் தீர்மானம் போட்டுவிட்டால் கடை தானாகப் போய்விடும் என்று நினைக்காதீர்கள். ஆனால் மக்கள் எதிர்ப்புக்கு அதைவிட நல்ல ஆவணமும் இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. தீர்மானம் எண் போட்டு எழுதப்பட்டதா என்று அங்கேயே பார்த்து, நகல் வாங்கிவிடுங்கள். புதுக் கடைக்குக் கட்டட வேலை நடக்கும்போதே தீர்மானம் இருந்தால் அதன் எடை வேறு. கடை திறந்து ஆறு மாதம் கழித்துப் போட்டால் வேறு.

மனுவுக்கு முன்னால் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி இரண்டு ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு) போடுங்கள். ஒன்று கலெக்டர் அலுவலகக் கலால் பிரிவுக்கு, இன்னொன்று டாஸ்மாக் மாவட்ட மேலாளர் அலுவலகத்துக்கு. கடை எண்ணைக் குறிப்பிட்டு, இந்தக் கட்டடத்தில் தொடங்கிய தேதி, திறப்பதற்கு முன் நடந்த இட ஆய்வு அறிக்கை, தூர அளவீட்டு வரைபடம், நில வகைப்பாடு எதை வைத்து முடிவு செய்தார்கள், இவற்றின் நகல்களை மட்டும் கேளுங்கள். "ஏன் திறந்தீர்கள்" என்று கேள்வி கேட்டால் "தகவல் அல்ல" என்று பதில் வரும். 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல்முறையீடு. வரைபடமே இல்லை என்று பதில் வந்தால், அதைவிட நல்ல ஆதாரம் உங்களுக்குக் கிடைக்கப் போவதில்லை.

அந்தப் பதிலோடு கலெக்டருக்கு மனு கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். அவர் நிராகரித்தாலோ, பதிலே சொல்லாமல் விட்டாலோ ஹைகோர்ட்டில் ரிட் மனு போடலாம். கோவை, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, சேலம், நாமக்கல் ஆட்கள் சென்னைக்குப் போக வேண்டும். கரூர், திண்டுக்கல் மாவட்டம் என்றால் மதுரைக் கிளை. வக்கீலைப் பார்க்கப் போகும்போது கையெழுத்துக் கட்டைவிட, கடை தொடங்கிய தேதியும் அளவீட்டு வரைபடமும் கோயில் அல்லது பள்ளியின் பதிவு நகலும் மேலே இருக்கட்டும்.